சடையாண்டி வீட்டுத் தட்டு

நல்லுசாமி கடையைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பூட்டு அவரே செய்தது, சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது, ஆனாலும் இழுப்பார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவையும் இழுப்பார். அறுபத்து நாலு வயதில் இது நோயா பழக்கமா என்று பக்கத்துக் கடை கிதர் முகம்மது கேட்டால், "ஊரு அப்படிக் கெட்டுக் கெடக்கு பாய்" என்பார். ஊர் என்ன பாவம் செய்தது? காலமெல்லாம் பூட்டு விற்றுப் பிழைத்த மனிதருக்கு எவன் முகத்தைப் பார்த்தாலும் கள்ளச்சாவி வைத்திருப்பவனாகத்தான் தெரிகிறது.

அப்பேர்ப்பட்டவரின் கடை வாசலில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வெயிலில், ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பார்த்தால் சின்னாளப்பட்டிப் பக்கத்துப் பெண் என்று சத்தியம் பண்ணலாம். வாயைத் திறந்தால் இங்கிலீஷ், அதுவும் இழுத்து இழுத்துப் பாட்டுப் பாடுகிற இங்கிலீஷ். ஆட்டோக்காரர் ஆனந்த்ராஜ் தனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னார்.

"அண்ணே, இந்தம்மா பேரு ரீனாவாம். டிரினிடாட்டுன்னு ஏதோ ஒரு தீவுல இருந்து வருதாம். சடையாண்டி மகன் நல்லுசாமியப் பாக்கணும்ங்குது."

"அப்படி யாரும் இங்க இல்ல."

ஆனந்த்ராஜ் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். 'நல்லுசாமி பூட்டு நிலையம்' என்று ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருந்தது.

"அது வேற நல்லுசாமி" என்றார் நல்லுசாமி, கூசாமல்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. பலகையைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. படம் எதுக்கு? பட்டா மாற்றுகிறவன், போர்ஜரி பத்திரம் போடுகிறவன் எல்லாம் முதலில் படம்தானே பிடிக்கிறான்? ஆட்டோ போனதும் கிதர் முகம்மது எட்டிப் பார்த்தார்.

"வெளிநாட்டுப் பார்ட்டியா அண்ணே? எதுல வேணா ஏமாறுங்க, கையெழுத்து மட்டும் போட்றாதீங்க. எங்க மச்சான் ஒரே ஒரு கையெழுத்துதான் போட்டான், இன்னிக்கி வரைக்கும் கோர்ட்டுக்கு நடக்கான்."

"நானா போடுவேன்?" என்றார் நல்லுசாமி. ஆனால் அவர் மனம் கையெழுத்தில் இல்லை. சடையாண்டி மகன் இங்கே இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது? விலாசம் எங்கே கிடைத்தது?

சடையாண்டி அவருடைய அப்பா. நல்லாம்பட்டிப் பட்டறையில் பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்தவர். நல்லுசாமி ஒரு வயதுக் குழந்தையாக இருக்கும்போது பம்பாயில் வேலை என்று கிளம்பினார். அங்கிருந்து கப்பலில் ஃபிட்டர் வேலை கிடைத்திருப்பதாக ஒரு கடுதாசி வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வருஷம் துப்பு இல்லாதவனைச் செத்தவனாக வைத்துக் காரியம் பண்ணிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நல்லுசாமியின் பெரியப்பா நாலு பேரைக் கூட்டி முடிவெடுத்தார். குடகனாற்றங்கரையில் வைக்கோலால் ஓர் ஆள் செய்து, வேட்டி கட்டிப் படுக்க வைத்து, பதினாலு வயது மகனைக் கொள்ளி வைக்கச் சொன்னார்கள். வைத்தான். அன்றைக்கே அவனுடைய அம்மா பேச்சாயியின் தாலியை இறக்கினார்கள். "எம் மனசு ஒப்பலய்யா, அவரு எங்கயோ இருக்காரு" என்று அவள் கத்தியதை ஒரு பயலும் காதில் வாங்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் ஊரையும் பெரியப்பாவையும் திட்டிவிட்டுப் போய்விடலாம். முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அம்மா பூ பறிக்கப் போயிருந்த ஒரு காலை, பேச்சாயி பேருக்குப் பதிவுத் தபால் வந்தது. அன்னிய நாட்டு முத்திரை. பின்பக்கம் அனுப்புநர் சடையாண்டி என்று தமிழில். பதினாறு வயதுப் பையன் வாசலில் நின்றான். உள்ளே சுவரில் அப்பா படத்துக்கு மாலை போட்டிருந்தது. காரியம் முடிந்தவன் திரும்பி வந்தால் வீட்டில் அடுத்த உயிர் போகும் என்று பெரியப்பா சொல்லி வைத்திருந்தார். அதைவிடப் பெரிய பயம், இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது. உன் புருஷன் உயிரோடுதான் இருக்கிறார், நான்தான் கொளுத்திவிட்டேன் என்றா சொல்வான்? வேண்டாம் என்றான். தபால்காரர் தன்மேல் பழி வரக்கூடாது என்று, "நீயே எழுதிக் குடுத்துரு அப்பு" என்றார். உறையின் மேலேயே 'வாங்க மறுப்பு' என்று எழுதி ஒரு கிறுக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான் அந்த மடப்பயல்.

அம்மா இரண்டாயிரத்து நாலில் செத்துப்போனாள். அவளிடம் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் சொல்லவில்லை, அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் சத்யபிரியாவிடம் சொல்வானேன்? அந்தத் தபால் எவனோ போட்ட பித்தலாட்டத் தபால், வீட்டை எழுதி வாங்க வந்த வலை என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, ஐம்பது வருஷத்தில் நம்பியும் விட்டார். அப்பா செத்தது உண்மையாக இருக்கிறவரைக்கும் அவர் யோக்கியர்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த யோக்கியர் வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் ரீனா உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறாள்! பக்கத்தில் சத்யபிரியா. கடைப் பலகையில் தன் நம்பரைப் போட்டால் கண்டவன் கூப்பிடுவான் என்று மகள் நம்பரைப் போட்டு வைத்திருந்தார் மகா புத்திசாலி. ரீனா அதில்தான் கூப்பிட்டிருக்கிறாள். சத்யபிரியா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். விடுவாளா?

"ஏம்ப்பா, வேற நல்லுசாமின்னீங்களாமே? அதென்னப்பா பேச்சு?"

"முன்னப் பின்னத் தெரியாத ஆள வீட்டுக்குள்ள விட்ருக்கியே, உனக்கு அறிவு இருக்கா?"

"தாத்தாவப் பத்திச் சொல்றாங்கப்பா. செத்த உக்காந்து கேளுங்க."

உட்கார்ந்தார். நாற்காலி நுனியில், எழுந்து ஓடத் தோதாக. ரீனா சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொன்னாள். சடையாண்டி டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிவிட்டார். அந்த ஊரில் காலி எண்ணெய் பீப்பாயின் அடித்தட்டைக் குழியாக அடித்து, அதில் ஏழு சுரமும் பேசவைக்கிற ஒரு வாத்தியம் உண்டு, ஸ்டீல் பான் என்று பேர். அடிக்கிற அடியில் தகரம் கிழியக்கூடாது, நெருப்பில் காட்டி ஆறவைக்கிற பக்குவம் தப்பினால் சுரம் நிற்காது. இரும்புப் பெட்டி செய்த கைக்கு அந்தப் பக்குவம் அத்துப்படி. ரீனாவின் தாத்தா வாசித்த குழுவுக்கு அவர்தான் பான் அடித்து, சுரம் சேர்த்துக் கொடுத்தார். பிறகு ஜமைக்காவுக்குப் போய், கிங்ஸ்டன் ஊர் ஸ்டுடியோக்களில் ரெகே என்கிற அந்தத் தீவுப் பாட்டுகளுக்கு இரும்பு தட்டிவிட்டு டிரினிடாட்டுக்கே திரும்பியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு இசைத்தட்டு வந்திருக்கிறது. ஒன்றில்கூட அவர் பேர் இல்லை.

"கள்ளத்தனமா இறங்குனவரு இல்லையாப்பா, காகிதம் கெடயாது. பேரு போட்டா பிடிச்சிருவாங்கன்னு அவரே வேணாம்னாராம். இப்ப அவரு சேத்த சுரத்த எல்லாம் வேற ஒருத்தரு செஞ்சதாப் பேசிக்கிறாங்களாம். இவங்க சங்கத்துல, வாசிக்கிற மைதானத்துக்கே தாத்தா பேரு வைக்கணும்னு கேட்டிருக்காங்க. அப்படி ஒரு ஆளே கெடயாது, கட்டுக்கதைன்னு பாதிப் பேரு சொல்றாங்களாம். இந்த மாசக் கடைசியில முடிவு பண்றாங்க. இவரு எங்கப்பா, திண்டுக்கல்காரருன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

வந்துவிட்டதா கையெழுத்து! நல்லுசாமி கிதர் முகம்மதை மனதுக்குள் கும்பிட்டார்.

"இவ அவருக்கு என்ன வேணுமாம்? பேத்தியா? அங்க ஒரு குடும்பம், நாலு வாரிசு, இந்த வீட்டுல பாதி... அதானே?"

சத்யபிரியா முகம் சிவந்துபோய்தான் அதைக் கேட்டாள். ரீனா தலையாட்டினாள். சொந்தம் ஒன்றும் இல்லை. அவர் கல்யாணம் கட்டவில்லை. மைதானத்துக்குப் பின்னால் ஒரே ஓர் அறையில் தனியாக இருந்து, தொண்ணூற்றொன்றில் செத்தார்.

தொண்ணூற்றொன்று. அம்மாவின் தாலியை இறக்கியது எழுபத்து நாலு. நல்லுசாமி கணக்குப் போட வேண்டாம் என்று பார்த்தார், மனசு கேட்காமல் போட்டுவிட்டது. பதினேழு வருஷம் ஒரு மனுஷி கட்டின புருஷன் உயிரோடிருக்க மொட்டைக் கழுத்தோடு அலைந்திருக்கிறாள்.

"பித்தலாட்டம்" என்றார். "இந்தம்மா சொல்றதுக்கு ருசு என்ன இருக்கு?"

ரீனா போனில் ஒரு பாட்டை வைத்தாள். யாரோ ஒருவன் புரியாத இங்கிலீஷில் பாடினான். கனமாக ஏதோ ஒரு நரம்பு வாத்தியம் உறுமியது. நல்லுசாமி கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு நின்று, இரும்புச் சத்தம் மட்டும் தனியாக வந்தது. முதலில் ஒரு வெறுந்தட்டு. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு இரண்டு அடி. வெறுந்தட்டு, மூச்சு, இரண்டு அடி.

அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

பட்டறைகளில் சுத்தியல் பிடிக்கிறவன் இரும்பில் இரண்டு மூன்று அடி போட்டுவிட்டு, கை ஆறுவதற்காக, இரும்பை வைத்து அடிக்கிற பட்டடையில் வெறுமனே லேசாக ஒரு தட்டுத் தட்டுவான். எல்லாப் பட்டறையிலும் வெறுந்தட்டு கடைசியில்தான் வரும். நல்லுசாமி வீட்டில் மட்டும் முதலில் வரும். அவருடைய தாத்தாவுக்கு ஒரு கண் தெரியாது. பட்டடை எங்கே இருக்கிறது என்று முதலில் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இரும்பில் அடிப்பார். அவரிடம் படித்த மகன்கள் இரண்டு கண்ணும் தெரிந்தும் அப்படியே அடித்தார்கள். தெருமுனையில் நின்று கேட்டாலே இது அந்த வீட்டுப் பட்டறை என்று சொல்லிவிடலாம். பெரியப்பாவிடம் தொழில் படித்த நல்லுசாமிகூட இன்றைக்கும் அப்படித்தான் அடிக்கிறார். உலகத்தில் வேறு எவனும் அப்படி அடிக்கமாட்டான்.

"தகரச் சத்தம்" என்று எழுந்தார் நல்லுசாமி. "எனக்கு ஒண்ணும் தெரியல. போகச் சொல்லு."

ரீனா போய்விட்டாள். சத்யபிரியா போகவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான்.

"தகரச் சத்தத்துக்கு எதுக்குப்பா கை இப்படி ஆடுது?"

"சுகர்."

"மாத்திரை காலையிலதான் போட்டீங்க. என்ன மறைக்கிறீங்க?"

"என்னையே சந்தேகப்படுறியா நீ?"

"யாருகிட்ட வளந்தேன்?" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை நல்லுசாமி கடைக்குப் போகவில்லை. பட்டறையில் போய் உட்கார்ந்து, ஒரு பூட்டுக்கும் உதவாத தகட்டை அடித்துக்கொண்டிருந்தார். அடித்தால் அந்தத் தட்டுதான் வந்தது. மாற்றி அடித்துப் பார்த்தார், கை கேட்கவில்லை. வாசலில் நிழல் விழவும் நிமிர்ந்தார். சத்யபிரியாவும் ரீனாவும் நின்றார்கள். ரீனா உள்ளே வரவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நல்லுசாமி சுத்தியலைக் கீழே போட்டார். இனி எந்த வாயால் இல்லை என்பது?

"மத்தியானம் மதுரைக்குப் போய் ஃப்ளைட் ஏறணுமாம்" என்றாள் சத்யபிரியா. "நேத்து நீங்க தொரத்துன தொரத்துல இத எடுத்துக் காட்டவே இல்லையாம். இதுலதான் நம்ம விலாசம் கெடச்சுச்சாம்."

ரீனா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே பழுத்துப்போன ஒரு தபால். பேச்சாயி, நல்லாம்பட்டி, திண்டுக்கல். குறுக்கே மை மங்கிப்போய், 'வாங்க மறுப்பு'.

நல்லுசாமி அதன் கீழே இருந்த கிறுக்குக் கையெழுத்தையே பார்த்தார்.

"அவரு சாகுறவரைக்கும் சுத்தியல் வைக்கிற பெட்டியிலதான் இது இருந்துச்சாம். இவங்க தாத்தா பிரிச்சுப் பாக்கவான்னு கேட்டதுக்கு, எழுதுனது யாருக்கோ அவங்கதான் பிரிக்கணும்னாராம். அதுக்கப்புறம் இவங்க தாத்தாவும் பிரிக்கல, இவங்களும் பிரிக்கல. அப்பாயி இல்ல. நீங்க பிரிங்கப்பா."

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வாங்க மறுத்த தபாலை அதே கை வாங்கியது. ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரே ஒரு தாள், வட்ட வட்டமான பட்டறைக்காரன் எழுத்து. நல்லுசாமிக்குக் கண் மறைத்தது. சத்யபிரியா வாங்கி வாசித்தாள்.

"பேச்சாயிக்கு எழுதுறது. பதினாலு வருசமா எழுதாதது என் தப்பு. கப்பல்ல இருந்து ஓடி வந்தவன். எழுதுனா பிடிச்சிருவாங்களோன்னு யாரையும் நம்பாம இருந்துட்டேன். இப்போ இங்க எல்லாருக்கும் மன்னிப்புக் குடுத்துக் காகிதம் குடுக்காங்க. எனக்கும் குடுத்துட்டாங்க. ஊருக்கு வரணும். நீ என்னைச் சேத்துக்குவியா தெரியல. பையன் என்னை அப்பான்னு கூப்பிடுவானா தெரியல. கோபமா இருந்தாலும் பரவாயில்ல, ஒரு வரி பதில் போடச் சொல்லு. பதில் வந்த அன்னிக்கே டிக்கெட் எடுத்துருவேன்."

பதில் போயிருக்கிறது. இரண்டே வார்த்தையில் போயிருக்கிறது.

சத்யபிரியா உறையைத் திருப்பிப் பார்த்தாள். "பாவி! யாருப்பா இத எழுதுனது? பெரிய தாத்தாதானே? காரியம் பண்ணி வச்ச திமிருல அந்தாளுதான் பண்ணியிருக்கணும். எங்க அப்பாயி அம்புட்டு வருசம் வெள்ளச் சேலையில கெடந்து செத்தாளே. அவன் வெளங்குவானா?"

பெரியப்பா செத்து முப்பது வருஷம் ஆகிறது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் முடிந்தது. கேட்பாரில்லை, மறுப்பாரில்லை. சங்கத்துக்குக் கையெழுத்தும் போட்டுவிடலாம், அப்பா பேரும் மைதானத்தில் ஏறிவிடும், மகள் காலத்துக்கும் தன்னைப் பாவப்பட்ட பிள்ளையாகப் பார்ப்பாள். நல்லுசாமி தலையை ஆட்டத்தான் போனார். ரீனா எதுவும் புரியாமல், அவர் தோளில் கை வைத்து ஏதோ ஆறுதல் சொன்னாள். வெளியூரிலிருந்து வந்து, துரத்தப்பட்டு, மறுபடியும் வந்து நிற்கிற இவளைத்தான் திருடி என்று நினைத்தோம் என்பது அவருக்கு அப்போது பட்டது.

"பேப்பரக் குடு" என்றார்.

ரீனா படிவத்தைக் கொடுத்தாள். நல்லுசாமி மேலிருந்து கீழ்வரை வாசித்துக் காட்டச் சொல்லவில்லை, வக்கீலைக் கேட்கவேண்டும் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போட்டார்.

"இவ போன்ல பேச்சுப் புடிக்கலாம்ல, அத ஆன் பண்ணச் சொல்லு. நான் பேசணும்."

ரீனா போனைப் பட்டடைமேல் வைத்தாள். நல்லுசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எம் பேரு நல்லுசாமி. எங்கப்பா பேரு சடையாண்டி. அந்தப் பாட்டுல இரும்பு தட்டுனது அவருதான். அது எங்க வீட்டுத் தட்டு, வேற எவனுக்கும் வராது. நேத்து கேட்டவொடனே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தெரியலன்னேன்."

சத்யபிரியா வரிவரியாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் முகம்கூட லேசாக மலர்ந்தது.

"எங்க பெரியப்பா மேல பழியில்ல. அந்தத் தபாலத் திருப்பி அனுப்புனது நான். பதினாறு வயசு எனக்கு. அப்பா உசுரோடதான் இருக்காருன்னு தெரிஞ்சேதான் அனுப்புனேன். எங்கம்மா அதுக்கப்புறம் இருபத்தெட்டு வருசம் இருந்தா. ஒரு நாளும் அவகிட்டச் சொல்லல. அவரு பதிலுக்குக் காத்திருந்தாரு. பதில் போட்டவன் நான்தான்."

சத்யபிரியா இங்கிலீஷில் சொல்வதை நிறுத்திவிட்டாள். அப்பாவை யாரோ எவரோ என்று பார்த்தாள். போன் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா என்ன சொன்னார் என்று ரீனா மெதுவாக அவளைக் கேட்டாள்.

"சொல்லு பாப்பா" என்றார் நல்லுசாமி. "ஒரு வார்த்தை விடாமச் சொல்லு."